கழற்றிய பேரிங்கை எறிந்துவிடாதீர்கள்

மிளகாய், மல்லி, அரிசி அரைக்கும் மில் ஒன்றைப் புதிதாகப் போட்ட நமது வியாபாரிகளிடம் முதல் வருடம் எப்படிப் போனது என்று விசாரித்துப் பாருங்கள். "மெஷின் நல்லம்தான், பேரிங்தான் நின்று பிடிக்குதில்லை" என்ற பதிலே பெரும்பாலும் வரும். மெஷினைச் செய்து கொடுத்த பட்டறைக்காரரிடம் போனால், "நான் என்ன செய்யிற நானா, கடைக்காரன் டூப்ளிகேட் பேரிங்கைத் தந்திட்டான்" என்பார். பேரிங் விற்ற கடைக்காரரோ லேத் வேலை பிழை என்பார். மூன்று பேரும் ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டிருக்க, நோன்புக்கு முந்திய வாரங்களில் மாவும் தூளும் அரைக்க ஆட்கள் வரிசையில் நிற்கும் நேரத்தில் மில் பூட்டிக் கிடக்கும். கடைசியில் புதுப் பேரிங் ஒன்றைப் போட்டுவிட்டுப் பழையதைப் பழைய இரும்போடு போட்டுவிடுவோம். மூன்று மாதத்தில் மீண்டும் அதே சத்தம்.

பழைய பேரிங்கை எறிந்ததுதான் இங்கே நடந்த பெரிய நட்டம். பிழை யாருடையது என்பதை அநேகமாக அதுவே காட்டிக்கொடுத்திருக்கும். அதை வாசிக்கத் தெரிந்தால் பட்டறை முதலாளிக்கும் அவரிடம் மெஷின் செய்விக்கும் வியாபாரிக்கும் இடையிலான தகராறில் பாதி குறைந்துவிடும்.

நான் லேத் பிடித்துப் பழகியவன் அல்லன். இரும்புச் சாமான் வியாபாரம் செய்பவன். பட்டறைகளுக்குச் சாமான் கொடுத்தும், அவர்கள் செய்த மெஷின்களை வாங்கி விற்றும் வருவதால் இந்தத் தகராறுகள் பலவற்றுக்கு நடுவில் உட்கார நேர்ந்திருக்கிறது. 2022ஆம் ஆண்டு 200 ரூபா அளவில் இருந்த டொலர் சில வாரங்களில் 360 ரூபா வரை ஏறிய பிறகு, வெளிநாட்டு மெஷினின் விலையைக் கேட்டுத் திரும்பி வந்து, உள்ளூரில் செய்விக்கலாமா என்று விசாரிப்பவர்கள் என் கடைக்கு அதிகம் வருகிறார்கள். நமது பட்டறைகளுக்கு இது நல்ல சந்தர்ப்பம். ஆனால் லொறியில் போன மெஷின் லொறியிலேயே திரும்பி வந்தால் அந்த ஓடரில் இலாபம் என்று எதுவும் மிஞ்சாது.

போலிப் பேரிங் சந்தையில் இல்லை என்று சொல்லமாட்டேன். பெயர் பெற்ற கம்பனிகளின் பெட்டியை அப்படியே அச்சடித்து வருவது உண்டு. ஆனால் ஒரே மெஷினில் ஒரே பக்கத்துப் பேரிங் மூன்றாம் தடவையும் போகிறது, மறுபக்கத்தில் அதே கடையில் அதே நாளில் வாங்கிய பேரிங் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் பேரிங்கைக் குற்றம் சொல்வதில் நியாயமில்லை.

கழற்றுவதற்கு முன்னர் ஒரு சிறிய வேலை இருக்கிறது. பேரிங்கின் வெளிவளையத்தில் மேல்பக்கம் எது, புல்லி இருக்கும் பக்கம் எது என்று பெயின்டால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். கழற்றிய பின் ரப்பர் மூடியைக் கிளப்பி, உள்ளே உள்ள கிரீஸை முதலில் பாருங்கள், பிறகு மண்ணெண்ணெயில் கழுவுங்கள். உள்ளே பார்க்க வேண்டுமானால் வெளிவளையத்தை கிரைண்டரால் இரண்டு இடத்தில் வெட்ட வேண்டும். சுத்தியலால் அடித்து உடைக்கக் கூடாது. அது கடினமாக்கிய உருக்கு. சில்லுத் தெறித்து கண்ணைக் கெடுத்துவிடும்.

பேரிங்கில் உள்வளையம் ஷாஃப்ட்டுடன் சேர்ந்து சுற்றும். வெளிவளையம் அதன் வீட்டில் அசையாமல் இருக்கும். இடையில் குண்டுகள் ஓடிய பாதை இரண்டு வளையங்களிலும் மங்கலான ஒரு தடமாகத் தெரியும். அந்தத் தடம் எங்கே, எந்த வடிவில் விழுந்திருக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

வெளிவளையத்தில் ஒரு பக்கத்தில் மட்டும் தடம் ஆழமாக விழுந்து, அந்த இடம் தோல் உரிந்தது போல் பொரிந்திருக்கிறது, உள்வளையத்தில் சுற்றிவரத் தடம் இருக்கிறது என்றால், ஷாஃப்ட்டை ஏதோ ஒன்று எப்போதும் ஒரே திசையில் இழுத்துக்கொண்டிருந்தது என்று பொருள். மில்லில் அப்படி இழுப்பது பெல்ட். புல்லிப் பக்கத்துப் பேரிங்கில் அந்தத் தடம் மோட்டர் இருக்கும் திசையில் விழுந்திருந்தால் சந்தேகமே வேண்டாம், பெல்ட்டை அளவுக்கு மீறி இறுக்கியிருக்கிறார்கள். குண்டுப் பேரிங்குக்குச் சுமை இரண்டு மடங்கானால் அதன் ஆயுள் பாதியாகாது, எட்டில் ஒன்றாகும். நாலு வருடம் ஓட வேண்டியது ஆறு மாதத்தில் முடியும்.

"அப்ப மில்லுக்காரர்தான் பிழை" என்று பட்டறைக்காரர் உடனே சொல்லிவிடக் கூடாது. அவர் ஏன் இறுக்கினார்? பெல்ட் வழுக்கியது, இறுக்கினார். பெல்ட் ஏன் வழுக்கியது? இங்கேதான் பட்டறையில் நடக்கும் ஒரு சிக்கனம் வெளியே வரும். மோட்டர் நிமிடத்துக்கு 1440 சுற்று. மில் 2880 ஓட வேண்டும். மோட்டருக்கு 6 அங்குலப் புல்லியும் மில்லுக்கு 3 அங்குலப் புல்லியும் போட்டால் கணக்குச் சரி. 10க்கு 5 போட்டாலும் அதே கணக்குத்தான், ஆனால் புல்லியின் விலை கூட. ஆகவே 6க்கு 3 போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். வேகம் ஒன்றாக இருந்தாலும் பெல்ட்டுக்கு இரண்டும் ஒன்றல்ல. சிறிய புல்லியில் அதே வேலையைச் செய்ய பெல்ட் அதிக பலத்துடன் இழுக்க வேண்டும். 3 அங்குலத்தில் 100 கிலோ இழுக்க வேண்டிய இடத்தில் 5 அங்குலத்தில் 60 கிலோ போதும். அத்துடன் பி அளவுப் பெல்ட் 3 அங்குல வளைவுக்குள் வளைந்து ஓடச் செய்யப்பட்டதே அல்ல. சூடேறி, வெடித்து, வழுக்கும். 5 குதிரைவலு மோட்டருக்கு ஒற்றை ஏ பெல்ட்டைப் போட்டு அனுப்புபவர்களும் இருக்கிறார்கள். நல்ல அளவுப் புல்லியில் இரண்டு பி பெல்ட் போட வேண்டிய இடம் அது.

பெல்ட்டின் இறுக்கத்துக்கு ஓர் எளிய கணக்கு உண்டு. இரண்டு புல்லிகளுக்கும் இடைத்தூரம் ஒரு மீற்றர் என்றால் நடுவில் கையால் அழுத்தும்போது ஏறத்தாழ 16 மில்லிமீற்றர் இறங்க வேண்டும். அரை மீற்றர் என்றால் 8. கிட்டார் கம்பி மாதிரி நிற்கத் தேவையில்லை. இரண்டு பெல்ட் ஓடும் புல்லியில் ஒன்று தேய்ந்தால் இரண்டையும் மாற்ற வேண்டும். புதியதும் பழையதும் சேர்ந்து ஓடினால் புதியது மட்டும்தான் சுமை இழுக்கும்.

வியாபாரிகள் கவனிக்க வேண்டிய இன்னொன்று, மெஷின் "இழுக்குதில்லை" என்று பெல்ட்டை இறுக்கும் பல இடங்களில் பிழை வயரில் இருக்கிறது. கடைக்குப் பின்னால் 40 மீற்றர் தள்ளி மில் போட்டு, 2 குதிரைவலு சிங்கிள் பேஸ் மோட்டருக்கு 1.5 அளவு வயர் இழுத்திருப்பார்கள். ஓடத் தொடங்கிய பின் பெரிய குறை தெரியாது. ஸ்டார்ட் ஆகும்போது மோட்டர் ஐந்து ஆறு மடங்கு கரண்ட் எடுப்பதால் 50 வோல்ட் வரை வயரிலேயே கரைந்துவிடும். 230க்குப் பதில் 180 வோல்ட் கிடைத்தால் மோட்டரின் இழுவை 100க்கு 61 அளவுக்கு விழும். இதற்கு மருந்து தடித்த வயரே தவிர பெல்ட் அல்ல.

அடுத்த அடையாளம் முதலாவதற்கு நேர் எதிரானது. வெளிவளையத்தில் சுற்றிவர முழுவதும் தடம், உள்வளையத்தில் மட்டும் ஒரே இடத்தில் தேய்வு. ஷாஃப்ட்டுடன் சேர்ந்து சுற்றும் ஒரு சுமை இருந்திருக்கிறது என்று இதற்குப் பொருள். அதாவது சுற்றும் பாகம் ஒரு பக்கம் பாரமாக இருந்திருக்கிறது. ஹெமர் மில்லில் சுற்றும் தட்டுகளில் தொங்கும் இரும்புச் சுத்தியல்கள்தான் அரைக்கின்றன. எதிரெதிர் வரிசைகளுக்கு இடையில் வெறும் 50 கிராம் வித்தியாசம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடுவிலிருந்து 20 சென்றிமீற்றர் தூரத்தில், நிமிடத்துக்கு 2880 சுற்றில், அந்த 50 கிராம் ஏறத்தாழ 93 கிலோ பலத்துடன் ஷாஃப்ட்டை வெளியே இழுக்கும். ஒரு செக்கனுக்கு 48 தடவை திசை மாறி மாறி இழுக்கும். பேரிங் மட்டுமல்ல, தரையில் அடித்த போல்ட், உடலின் வெல்டிங், பக்கத்துச் சுவர் எல்லாமே அதற்குப் பதில் சொல்ல வேண்டும். அதே வித்தியாசம் 1440 சுற்றில் நாலில் ஒரு பங்கு பலமே காட்டும். அதனால்தான் மெதுவாக ஓடும் தட்டு மில்லில் பழகிய பாஸ்மார் ஹெமர் மில் செய்யும்போது இதைப் பெரிதாக எடுப்பதில்லை. அதுவரை அவர்களுக்கு இது பிரச்சினையாக இருந்ததே இல்லை.

இதைச் சரிபார்க்கப் பெரிய மெஷின் தேவையில்லை. இரண்டு நேரான இரும்புக் கீலங்களைத் தண்ணீர் மட்டம் வைத்துச் சமமாக நிறுத்தி, சுத்தியல்களை மாட்டுவதற்கு முன் தட்டுகளோடு ஷாஃப்ட்டை அதன் மேல் உருள விடுங்கள். பாரமான பக்கம் எப்போதும் கீழே வந்து நிற்கும். அந்தப் பக்கத்தில் கொஞ்சம் துளைத்தெடுக்க வேண்டும். எந்த இடத்தில் விட்டாலும் அங்கேயே நிற்கும்வரை இதைச் செய்ய வேண்டும். சுத்தியல்களைத் தனித்தனியே நிறுத்து எதிரெதிரே சம நிறை வரும்படி மாட்ட வேண்டும். சமையலறைத் தராசு போதாது, நகைக்கடையில் வைத்திருப்பது போன்ற கிராம் காட்டும் தராசு வேண்டும். எனக்குத் தெரிந்த ஒரு பட்டறைக்காரர் பக்கத்து நகைக்கடைக்குச் சுத்தியல்களைச் சாக்கில் கொண்டு போய் நிறுத்து வருவார். ஆரம்பத்தில் நகைக்கடைப் பையன்கள் சிரித்தார்களாம். இப்போது அவருடைய மில்லின் மேல் ஒரு கிளாஸில் தண்ணீர் வைத்தால் சிந்துவதில்லை.

மில்லுக்காரரின் பங்கும் இதில் இருக்கிறது. தேய்ந்த சுத்தியல்களில் இரண்டை மட்டும் மாற்றுவது, ஒரு பக்கத்தை மட்டும் திருப்பிப் போடுவது, தூள் இன்னும் நைசாக வரட்டும் என்று புல்லியை மாற்றி வேகத்தைக் கூட்டுவது ஆகியவை வழமையான விளையாட்டுகள். வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு கூட்டினால் மேலே சொன்ன 93 கிலோ 134 ஆகிவிடும். நைசாக வேண்டுமானால் சல்லடையை மாற்றுங்கள்.

மூன்றாவது அடையாளம் சரிந்த தடம். வெளிவளையத்தில் ஒரு பக்கம் இடது விளிம்பை ஒட்டியும் எதிர்ப்பக்கம் வலது விளிம்பை ஒட்டியும் ஓடியிருக்கும். இரண்டு பேரிங்குகளும் ஒரே நேர்கோட்டில் இல்லை. இதற்குக் காரணம் வெல்டிங். சனல் இரும்பில் சட்டம் ஒட்டும்போது சூட்டில் விரிந்து ஆறும்போது சுருங்கி இழுக்கும். எவ்வளவு கெட்டிக்கார வெல்டராக இருந்தாலும் இழுக்கும். பேரிங் உட்காரும் மேடையை முதலில் துளைத்து வைத்துவிட்டு மற்ற இடங்களை ஒட்டிக்கொண்டு போனால் கடைசியில் மேடை கோணலாக நிற்கும். முதலில் எல்லாவற்றையும் அங்கங்கே புள்ளி வைத்து நிறுத்தி, எதிரெதிர் மூலையாக மாறி மாறிச் சிறிது சிறிதாக ஒட்டி, முழுதும் ஆறிய பிறகே மேடையை மட்டப்படுத்தித் துளைக்க வேண்டும். மெஷின் முடிந்த பின் ஒரு சோதனை: பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிக்கொண்டே பேரிங்கின் நான்கு போல்ட்டுகளில் ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பாருங்கள். ஏதாவது ஒன்றைத் தளர்த்தியதும் ஷாஃப்ட் இலகுவாகச் சுற்றினால் அந்தக் காலின் கீழ் இடைவெளி இருக்கிறது. அளவான தகடு வைத்த பிறகு இறுக்க வேண்டும். இதே சோதனையை மில்லைத் தரையில் அடித்த பிறகு இன்னொரு தடவை செய்ய வேண்டும். பட்டறையில் நேராக இருந்த சட்டத்தைக் கோணல் தரையில் இறுக்கிக் கோணலாக்குவது சர்வ சாதாரணம்.

நான்காவதுதான் நமது பட்டறைகளில் நான் அதிகம் காண்பது. உள்வளையத்தின் துளை பளபளவென்று கண்ணாடி மாதிரி தேய்ந்திருக்கும், அல்லது கபில நிறத் துரு படிந்திருக்கும். பேரிங் ஷாஃப்ட்டைப் பிடிக்காமல் ஷாஃப்ட் அதற்குள்ளே தனியே சுற்றியிருக்கிறது. இதில் மில்லுக்காரரைக் குற்றம் சொல்ல வழியே இல்லை.

பேரிங் எண்ணின் கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் துளையின் அளவு மில்லிமீற்றரில் வரும் என்பது கடைக்காரர்கள் அறிந்ததே. 6205 என்றால் 25, 6206 என்றால் 30. 6305க்கும் துளை 25தான், வெளி அளவு 52க்குப் பதில் 62, தாங்கும் சுமையும் அதிகம். இந்த 25 மில்லிமீற்றர் துளைக்கு நமது ஆட்கள் தேடிப் போவது ஓர் அங்குல இரும்புக் கம்பி. ஓர் அங்குலம் 25.4 மில்லிமீற்றர். கடைய மிஞ்சுவது சுற்றிவர 0.2 மாத்திரம். கம்பி கொஞ்சம் வளைந்திருந்தால், அல்லது மேலே துருக்குழி இருந்தால், அந்த 0.2க்குள் சுத்தமான உருளை வராது. ஒரு பக்கம் கடைந்திருக்கும், மறுபக்கம் கருப்பாக அப்படியே கிடக்கும். 30 மில்லிமீற்றர் கம்பியை எடுத்து, பேரிங் இருக்கும் இடத்தை மட்டும் 25க்குக் கடைந்தால் பேரிங் சாய்ந்து நிற்க ஒரு படியும் கிடைக்கும். படியின் மூலையைக் கத்தி மாதிரிக் கூராக வெட்டாமல் சிறிது வளைவாக விட வேண்டும். ஷாஃப்ட் முறிந்து வந்த மெஷின்களைப் பாருங்கள், முறிவு தொடங்கியது அநேகமாக அந்தக் கூர் மூலையில்தான் இருக்கும்.

பேரிங் இறுக்கமாக உட்கார ஷாஃப்ட் 25க்கு மேல் நூறில் ஒரு மில்லிமீற்றர் அளவு கூடுதலாக இருந்தால் போதும். தலைமுடியின் தடிப்பை விட மிகக் குறைவு. சாதாரண வேர்னியர் காட்டும் மிகச் சிறிய அளவே நூறில் இரண்டு. ஆகவே வேர்னியரை வைத்துக்கொண்டு பேரிங் இடம் கடைவது கண்ணை மூடிக்கொண்டு நிறுப்பது மாதிரி. இதற்கு மைக்ரோமீட்டர் வேண்டும். பழைய சோனகத் தெருவில் விசாரித்தால் கிடைக்கும். கொழும்பிலிருந்து கிழக்குக்குப் போன ஒரு மெஷினை ஒரு தடவை திருப்பி எடுத்துவரும் லொறிக் கூலியைவிட அதன் விலை குறைவு.

தளர்ந்துபோனால் நமது பாஸ்மார் செய்யும் கைவைத்தியம் எல்லாருக்கும் தெரியும். ஷாஃப்ட்டைச் சுற்றிவர ஆணியால் புள்ளி குத்தி மேடு கிளப்பிப் பேரிங்கை அடித்து ஏற்றுவார்கள். சில மணித்தியாலம் நன்றாகப் பிடிக்கும். புள்ளி முனைகள் தேய்ந்ததும் பழைய கதை. அலுமினியத் தகடு சுற்றுவது அதைவிட மோசம். ஷாஃப்ட்டின் மேல் வெல்டிங் வைத்துக் கடைவார்கள் சிலர். மெதுவாக ஓடும் சாமானுக்குப் பரவாயில்லை. ஹெமர் மில் ஷாஃப்ட்டை அப்படிச் செய்தால் அது வளையும், பின்னர் வெல்டிங் விளிம்பில் வெடிப்பு விடும். புது ஷாஃப்ட் போடுவதே மலிவு.

வீட்டோடு வரும் யூசிபி 205 போன்ற பேரிங்குகளை ஷாஃப்ட்டில் சிறிய திருகாணி இரண்டால் இறுக்குவது வழக்கம். வேகமில்லாத இடத்துக்கு அருமையான சாமான். ஆனால் அதிலும் 25 மில்லிமீற்றர் துளை வேறு, ஓர் அங்குலத் துளை வேறு. பின்னால் 16 என்று எண் சேர்ந்து வந்தால் அது அங்குலம். 25 மில்லிமீற்றர் ஷாஃப்ட்டில் ஓர் அங்குலப் பேரிங்கைப் போட்டுத் திருகாணியால் இறுக்கினால் பேரிங் ஒரு பக்கம் தள்ளி நிற்கும், புதிதாகச் செய்த மெஷின் முதல் நாளே நடுங்கும். கடைக்காரர்களே, விற்கும்போது ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மற்ற அடையாளங்கள் எளியவை. குண்டுகளின் இடைவெளிக்கு இடைவெளி சரியாகக் குழி விழுந்திருந்தால் பேரிங்கை வெளிவளையத்தில் அடித்து ஏற்றியிருக்கிறார்கள். உள்வளையத்தை மட்டும் தொடும் ஒரு குழாய்த்துண்டை வைத்து அடிக்க வேண்டும். ஊசி குத்தியது போல் கருகிய புள்ளிகள் இருந்தால், மெஷினில் ஏதோ ஒட்டும்போது வெல்டிங் ஏர்த்தைத் தூரத்தில் மாட்டியிருக்கிறார்கள், கரண்ட் பேரிங்குக்குள்ளால் போயிருக்கிறது. ஒட்டும் இடத்துக்குப் பக்கத்திலேயே ஏர்த் மாட்டியிருந்தால் இது வராது. கிரீஸ் மணல் மாதிரி நெறுநெறுவென்று இருந்தால் மிளகாய்த்தூள் உள்ளே போயிருக்கிறது. இரும்பு மூடிப் பேரிங்குக்குப் பதில் ரப்பர் மூடிப் பேரிங் போடுவது நல்லது. அதைவிட நல்லது, மில்லின் உடலுக்கும் பேரிங்குக்கும் இடையில் இரண்டு விரல் இடைவெளி விடுவது. ஷாஃப்ட் துளையால் கசியும் தூள் பேரிங்குக்குப் போகாமல் கீழே விழுந்துவிடும். இடத்தைச் சுருக்க வேண்டுமென்று பேரிங்கை உடலிலேயே ஒட்டவைத்த மெஷின்களை வாங்கும்போது யோசித்து வாங்குங்கள்.

பட்டறை முதலாளிகளுக்கு ஒரு யோசனை. மெஷினோடு கொடுக்கும் பில்லின் பின்பக்கத்தில் பேரிங் எண், பெல்ட் எண், இரண்டு புல்லிகளின் அளவு, ஓடவேண்டிய சுற்று, ஒரு சுத்தியலின் நிறை ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். உத்தரவாதக் காலத்தில் பேரிங் போனால், கோடு போட்டுக் கழற்றிய பழைய பேரிங்கைக் கொண்டுவந்தால்தான் பேச்சு என்பதையும் அதில் எழுதுங்கள். புல்லி அளவு மாறியிருந்தால் உங்கள் பொறுப்பல்ல, உள்வளையம் தேய்ந்திருந்தால் ஷாஃப்ட்டை மாற்றித் தருவது உங்கள் பொறுப்பு என்று இரு பக்கமும் முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும். வாங்குபவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும்போதே இதைக் கேட்டு வாங்கலாம். பில் தொலைந்துபோகும் என்றால் பேரிங் எண்ணையும் பெல்ட் எண்ணையும் மெஷினின் உடலிலேயே பெயின்டால் எழுதுவித்துவிடுங்கள். எண் தெரிந்தால் சாமானை போனில் சொல்லி அன்றிரவு பஸ்ஸிலேயே அனுப்புவிக்க முடியும்.